செலோவானே கூடத்தின் ஜன்னல்கள்

ஸ்டெலன்போஷ்
14 மார்ச் 2008

அன்புள்ள பூலெங்,

உன் வீட்டில் அமைதி இருக்கட்டும், உன் வயலில் மழை பெய்யட்டும். நான் இங்கே நலம். முழங்கால் மட்டும் என்னைவிட மூத்தவளைப் போல நடந்துகொள்கிறது.

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் நீ, "யாருடி இவ, இன்னும் உசுரோடதான் இருக்காளா?" என்று கத்தியிருப்பாய். கத்து. இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தவளுக்கு அது வேண்டியதுதான். உங்கள் மலைக்கும் டெலிபோன் கோபுரம் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு இரண்டு தடவை கூப்பிட்டேன். காற்றுதான் பேசியது. அதனால் பேனாவை எடுத்தேன்.

இங்கே திராட்சை பறித்து முடித்துவிட்டார்கள். ஊரே புளித்த வாசனை அடிக்கிறது. எனக்கு அது நம் விடுதியின் மொதோஹோ கூழ்ப்பானை. நீ, நான், செலோவானே மூவரும் ஒரே போர்வைக்குள் சுருண்டுகொண்டு, அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் சாக்பீஸால் கணக்குப் போட்டோமே, அந்த நாட்களே கண்ணுக்குள் வருகின்றன. உனக்கு ஒரு விடை வரும், எனக்கு ஒன்று வரும். செலோ இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதிக்கொண்டு போவாள். "ரெண்டு பேரும் தப்புன்னா உண்மை நடுவுலதான்டி இருக்கும்" என்பாள். ஒரு தடவை அவளுக்கு மட்டும் மதிப்பெண் கிடைத்ததே!

இப்போது நான் செய்கிற வேலையும் அலமாரிக் கதவு வேலைதான். எச்.ஐ.வி.யும் காசநோயும் ஒரே உடம்பில் சேர்ந்துகொண்டால் ஊருக்குள் என்ன நடக்கும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதுகிறோம். ஜனங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரிப்போம். எந்தக் கிருமியும் இல்லாதவர்கள் ஒரு பெட்டி. காசநோய்க் கிருமி நெஞ்சில் உறங்கிக்கொண்டிருப்பவர்கள் ஒன்று. எச்.ஐ.வி. மட்டும் உள்ளவர்கள் ஒன்று. இரண்டும் உள்ளவர்கள் ஒன்று. பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. ஒவ்வொரு அம்புக்கும் ஒரு வேகம். எச்.ஐ.வி. வந்த உடம்பில் அந்த உறங்கும் கிருமி எவ்வளவு சீக்கிரம் விழிக்கிறது என்பது ஓர் அம்பு. மாத்திரை அதை எவ்வளவு தணிக்கிறது என்பது இன்னொன்று.

எல்லாம் நகரத்து எண்களை வைத்துச் செய்தது. மலைக்கு அது பொருந்துமா என்று தெரியவில்லை. உங்கள் மருத்துவமனையில் மாதாமாதம் எத்தனை பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டுபிடிக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்று மட்டும் எழுதி அனுப்புவாயா? பெயர் எதுவும் வேண்டாம்.

உன் வீட்டுக்காரருக்கும் அவருடைய ஆடுகளுக்கும் என் வணக்கம்.

உன்
லினேயோ


ஹா லெசாவோ
9 ஏப்ரல் 2008

அடியே லினேயோ,

தபால் வண்டிக்காரன் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "என்ன சிஸ்டர், கேப் மாகாணத்துல இருந்து லெட்டரு? கல்யாணப் பத்திரிகையா?" என்றான். "அந்தக் கழுதைக்கு அம்பது ஆகப்போவுது, இனிமே எவன் கட்டுவான்" என்றேன். பிறகு மருந்து அறைக்குள் போய் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன். திருப்திதானே உனக்கு?

எண்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போது என் பெருமையைக் கேள்.

செலோவின் கடைசிக் குளிர்காலம் உனக்குத் தெரியும். ஆனால் நீ அடக்கத்துக்குத்தான் வந்தாய். அப்போது இங்கே நெஞ்சு நோய்க்கு ஒரு கிழமை, ரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு கிழமை. இரண்டுக்கும் வெளியில்தான் வரிசை. அவள் இரண்டு வரிசையிலும் நின்றாள். உறைபனி விழுந்த ஒரு காலையில் கல்சுவரின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலுக்கு வந்து அவள் பெயரைக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. போர்வைமேல் பனி அப்படியே இருந்தது, கரையாமல்.

அன்று நினைத்தேன், இந்த மலையில் இனி ஒருத்தரும் குளிரில் நின்று மருந்து வாங்கக் கூடாது என்று. பாதிரியார்களைக் கெஞ்சினேன், வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதினேன். ஊர் ஆண்கள் கல் சுமந்தார்கள், பெண்கள் கூரைக்குப் புல் அறுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் கட்டி முடித்தோம். வாசலில் பலகை: செலோவானே கூடம். இப்போது நெஞ்சு நோய்க்காரர்களும் எச்.ஐ.வி.க்காரர்களும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ், கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் ஒருவரைப் பார்த்துக் கூசுவதில்லை.

அங்கே மா-பொலோகோ என்று ஒருத்தி. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். எலும்பாக வந்தவள், மாத்திரை ஆரம்பித்து இப்போது என்னைவிடக் குண்டு. மருந்துக்கு வரும் நாளெல்லாம் எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் பாட ஆரம்பிப்பாள். கூடமே சேர்ந்து பாடும். நீ கேட்டால் உன் பெட்டிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிடுவாய்.

உன்
பூலெங்


ஸ்டெலன்போஷ்
20 மே 2008

அன்புள்ள பூலெங்,

உன் வீட்டில் கதகதப்பு குறையாமல் இருக்கட்டும். இங்கே மழை தொடங்கிவிட்டது. நனைந்த ஓக் இலைகள் காலில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வருகின்றன.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். போர்வைமேல் கரையாத பனி என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பிறகு அன்று வேலை ஓடவில்லை. அடக்கத்தின்போது நீ இதைச் சொல்லவே இல்லை. அடுப்படியில் நின்று எல்லாருக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டே இருந்தாய்.

கணக்கு ஒத்துவரவில்லை, பூலெங். நான் எழுதிய சமன்பாடுகள் சொல்வதைவிட உங்கள் மலையில் காசநோய் அதிகம். சும்மா அதிகம் இல்லை. மாத்திரை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு உடம்பு தேறி, காசநோய் குறைந்துகொண்டே வர வேண்டும். நகரத்தில் குறைகிறது. உங்களிடம் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் ஏறுகிறது. அதுவும் தவறாமல் வந்து மாத்திரை வாங்குகிறவர்களிடம்.

என்னோடு வேலை செய்யும் ஹென்ட்ரிக், "உன் தோழிக்கு எண்ணத் தெரியலையோ என்னவோ" என்றார். "அவளுக்கா? கணக்குப் பரீட்சையில என்னைத் தோக்கடிச்சவ அவ ஒருத்திதான். நர்ஸ் படிப்புக்குத்தான் இடம் கெடச்சதுன்னு போனா" என்றேன். ஆகவே தப்பு என் பக்கம்தான். ஏதோ ஓர் அம்புக்குறியை நான் வரையாமல் விட்டிருக்கிறேன்.

கொஞ்சம் கேள்விகள் கேட்கிறேன், கோபிக்காதே. கூடத்தின் நீளம், அகலம், உயரம் என்ன? ஒரு மருந்து நாளில் எத்தனை பேர் உட்காருவார்கள்? எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? ஜன்னல்கள் எத்தனை, குளிர்காலத்தில் திறந்திருக்குமா?

மா-பொலோகோவுக்கு என் அன்பைச் சொல்.

உன்
லினேயோ


ஹா லெசாவோ
11 ஜூன் 2008

என் லினேயோ,

எங்கள் கூடத்தைப் படம் வரைந்து உன் பல்கலைக்கழகத்தில் மாட்டப்போகிறாய் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அளவெல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். என் வீட்டுக்காரர்தான் கயிறு பிடித்து அளந்தார். ஆட்டுப்பட்டி அளக்கிற மாதிரி கணக்குச் சொன்னார், நான் திருத்தினேன்.

பனி இந்த வருஷம் சீக்கிரமே விழுந்துவிட்டது. குதிரைகளின் மீசையில் எல்லாம் பனிக்கட்டி. ஜன்னல் ஆறு இருக்கிறது, எல்லாம் மூடித்தான் இருக்கும். சும்மா மூடவில்லையடி, சந்துகளில் எல்லாம் பழைய போர்வைகளைக் கிழித்துத் திணித்து, மேலே பிசின் பட்டை ஒட்டிவிட்டேன். ஊசி நுழையாது. காலையில் வெள்ளி முளைக்கும்போதே வந்து உட்காருகிறவர்கள் மத்தியானம்வரை இருப்பார்கள். மாத்திரை வாங்கிய பிறகும் சிலர் போகமாட்டார்கள். வீட்டில் விறகு இருக்காது, இங்கே கணப்பு இருக்கிறது, தேநீர் இருக்கிறது, பாட்டு இருக்கிறது.

தங்கச் சுரங்கத்திலிருந்து இருமலோடு திரும்பிய ஒரு பெரியவர் இருக்கிறார். ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஊர். அடுப்புக்குப் பக்கத்து இடம் அவருடையது. போன வாரம் மா-பொலோகோ அவரிடம், "பெரியப்பா, கட்டைக் குரல்ல நீங்க பாடலேன்னா என் பாட்டு நொண்டுது" என்றாள். "இருமுறதா பாடுறதா, ஒண்ணச் சொல்லு" என்றார் அவர். "ரெண்டையும் தாளத்துல பண்ணுங்க" என்றாள். கூடமே உருண்டு சிரித்தது.

நம் பள்ளிப் பாடற்குழுவில் உன்னை எப்போதும் கடைசி வரிசையில், வாயை மட்டும் அசைக்கச் சொல்லி நிறுத்துவார்களே, அதை அவளுக்குச் சொன்னேன். "அவங்கள இங்க வரச் சொல்லுங்க சிஸ்டர், இங்க கடைசி வரிசையே கெடையாது" என்கிறாள்.

வருகிறாயா? எப்போது?

உன்
பூலெங்


ஸ்டெலன்போஷ்
7 ஜூலை 2008

என் பூலெங்,

அமைதி உன்னோடு இருக்கட்டும். இந்தக் கடிதத்தை மருந்து நாளில் பிரிக்காதே. வீட்டுக்குப் போய், உட்கார்ந்து படி.

விட்டுப்போன அம்பு கிடைத்துவிட்டது.

காசநோய் எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் சமன்பாட்டில் இரண்டு வழிகள்தான் இருந்தன. நெஞ்சுக்குள் உறங்குவது விழிப்பது ஒன்று. வீட்டில், ஊரில் இருமுகிறவரிடமிருந்து புதிதாகத் தொற்றுவது ஒன்று. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். மருந்து வாங்கக் காத்திருக்கும் இடத்தில் தொற்றுவது. நீ அனுப்பிய அளவுகளை வைத்து, அந்த அறையின் காற்று எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாறும், ஒருவர் இருமினால் அது எத்தனை நெஞ்சுக்குள் போகும் என்று கணக்கிட்டேன். அந்த அம்பை வரைந்ததும் உங்கள் எண்கள் அப்படியே வந்து உட்கார்ந்தன. குளிர்காலத்து ஏற்றம், தவறாமல் வருகிறவர்களுக்கே அதிகம் வருவது, எல்லாம்.

ஹென்ட்ரிக்கைத் தனியாகப் போடச் சொன்னேன். அவருக்கும் அதுவே வந்தது. வேகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தப்பாகிவிடாதா என்று, நம்பு, அதற்காகத்தான் அத்தனை தடவை பார்த்தேன்.

எச்.ஐ.வி. உள்ளவர்களின் நெஞ்சு திறந்த வாசல் மாதிரி. அவர்களையும் இருமுகிறவர்களையும் ஒரே அறையில், ஜன்னலை அடைத்து, மணிக்கணக்காக உட்காரவைத்தால், ஒரு கையால் மாத்திரை கொடுத்து மறு கையால் நோயைக் கொடுப்பதாக ஆகிறது. பாடும்போது மூச்சு இன்னும் ஆழமாகப் போகிறது, இன்னும் வேகமாக வருகிறது.

ஜன்னல்களைத் திற, பூலெங். இந்தக் குளிரிலேயே திற.

எவ்வளவு அன்போடு அந்தக் கல் அடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன்
லினேயோ


ஸ்டெலன்போஷ்
18 ஆகஸ்ட் 2008

அன்புள்ள பூலெங்,

என் கடிதம் வந்ததா? பனியால் பாதை அடைபட்டிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மலைக்கு வரும் மொகோட்லொங் பாதை திறந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள்.

திட்டியாவது எழுது.

உன்
லினேயோ


ஹா லெசாவோ
2 செப்டம்பர் 2008

லினேயோவுக்கு,

திட்டச் சொன்னாயே, எழுதுகிறேன்.

எதற்கு அளவு என்று சொல்லாமல் அளவு கேட்டாய். நான் கயிறு பிடித்து அளந்து கொடுத்தேன், படம் மாட்டப்போகிறாய் என்று. நீ சந்தேகப்பட்டது அப்போதே உனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். "பூலெங், எனக்கு பயமா இருக்குடி, அதான் கேக்குறேன்" என்று. நாம் அப்படிப் பேசிக்கொண்டவர்கள்தானே?

உன் கணக்கில் குளிர் இருக்கிறதா? ஜன்னலைத் திறந்தால் கிழவிகள் வரமாட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் வரமாட்டார்கள். வராதவர்களுக்கு மாத்திரை நிற்கும். மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களை எந்தப் பெட்டியில் போடுவாய்? வெளியே கல்சுவரில் உட்கார்ந்து போனவளை எந்தப் பெட்டியில் போட்டிருக்கிறாய்? நான் தேடிப்பார்த்தேன். நீ கடிதத்தோடு அனுப்பிய பெட்டிப் படத்தில் செத்தவர்களுக்குப் பெட்டியே இல்லை. வெளியே போகும் ஓர் அம்பு மட்டும்தான்.

அந்தக் கூடத்துக்குள் வந்து ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டாய். முகத்தை மறைத்துக்கொண்டு வந்தவர்கள் அங்கே முகம் காட்டிச் சிரிக்கிறார்கள். அவள் பெயரில் நான் கட்டியது அது ஒன்றுதான். அவள் பெயரே இப்போது நோய் பரப்புகிறது என்கிறாய்.

இனி எண்கள் அனுப்ப எனக்கு நேரம் இருக்காது.

பூலெங்


ஸ்டெலன்போஷ்
30 செப்டம்பர் 2008

அன்புள்ள பூலெங்,

எதற்கென்று சொல்லாமல் அளவு கேட்டது தப்பு. என் சந்தேகம் பொய்யாகிவிட்டால் உன்னிடம் சொல்லவே வேண்டாமே என்று நினைத்தேன். அது உன்னை மதித்த காரியம் இல்லை.

ஆனால் உன் கேள்வியை மதித்தேன். குளிர் என் கணக்கில் இல்லைதான். இப்போது சேர்த்துவிட்டேன். குளிருக்குப் பயந்து வராமல் நின்றுவிடுகிறவர்கள் என்று ஒரு பெட்டி. நீ சொன்னது சரி. எல்லாரையும் வெளியே தள்ளினால், காசநோயிலிருந்து காப்பாற்றுகிறவர்களை மாத்திரை நின்றுபோய் இழந்துவிடுகிறோம். கூடத்தை மூடச் சொன்னால் அது முட்டாள்தனம்.

ஆனால் வேறு வழி இருக்கிறது. உடம்பு நன்றாகத் தேறியவர்களுக்கு இரண்டு மாத மாத்திரையை ஒரேயடியாகக் கொடுத்துவிட்டால் பாதிக் கூட்டம் குறையும். இருமுகிறவர்களை வந்தவுடன் தனியாக வெளித் தாழ்வாரத்தில் பார்த்து முதலில் அனுப்பிவிடலாம். ஜன்னல்கள் எதிரெதிரே திறந்திருக்க வேண்டும், கணப்பு எரியட்டும், ஆளுக்கு இரண்டு போர்வை. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தால் வராமல் நிற்பவர்களும் குறைவு, தொற்றும் பாதிக்குக் கீழே போகிறது. நீ கேட்காமல் இருந்திருந்தால் இதை நான் பார்த்தே இருக்கமாட்டேன்.

செலோவுக்குப் பெட்டி இல்லை என்றாய். உண்மைதான். செத்தவர்களிடமிருந்து யாருக்கும் நோய் தொற்றுவதில்லை, அதனால் சமன்பாட்டுக்கு அவர்கள் தேவையில்லை. இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். இதற்கு மேல் ஒரு பதில் எனக்குத் தெரியவில்லை.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஜன்னலை மட்டும் யோசி.

உன்
லினேயோ


ஹா லெசாவோ
5 ஏப்ரல் 2009

லினேயோ,

உன் கிறிஸ்துமஸ் அட்டையும் வந்தது, அதற்குப் பிறகு வந்ததும் வந்தது. பிரித்துப் படித்தேன். பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

மா-பொலோகோ கிறிஸ்துமஸ் சமயத்தில் இரும ஆரம்பித்தாள். "அடுப்புப் புகை சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல" என்றாள். நானும் புகை என்றே நம்பினேன், நம்ப விரும்பினேன். கிறிஸ்துமஸ் கோடையில் யார் வீட்டில் அத்தனை புகை? பிறகு அவள் பாவாடை நாடா இரண்டு சுற்று வந்தது. சளியைத் தலைநகர் மாசெருவுக்கு அனுப்பினோம். மார்ச் தொடக்கத்தில் முடிவு வந்தது. முக்கியமான இரண்டு மருந்துக்கும் மசியாத காசநோய்.

அதே தபால் பையில் சுரங்கத்துப் பெரியவரின் முடிவும் வந்திருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது என்பதில் இரண்டும் அச்சு ஒன்றே. அவர் ஊர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், அவள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். கல்யாணத்திலோ சாவிலோ ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவர்கள் சேர்ந்து உட்கார்ந்த இடம் இந்த உலகத்தில் ஒன்றுதான்.

பெரியவர் மாசெருவுக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு நேரே கூடத்துக்குப் போனேன். காலியாக இருந்தது. ஒட்டிய பிசின் பட்டையை நகத்தால் உரித்தேன். திணித்த போர்வைத் துண்டுகளை இழுத்துப் போட்டேன். மூன்று வருஷமாகத் திறக்காத ஜன்னல் மரம் ஊதிப்போய் இறுகியிருந்தது, அசையவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கடப்பாரையோடு வந்தார். சந்தைக் கூட்டம் மாதிரி ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன சிஸ்டர் இது? செத்துப்போன புள்ள பேர்ல கட்டுனத ஒடைக்கிறீங்க?" என்று ஒரு கிழவி கையைப் பிடித்தாள்.

"ஒடைக்கல தாயி. மூச்சு விடட்டும்னு தெறக்குறேன்."

"குளிர் காலத்துல நாங்க வெறச்சுப் போறதா?"

"போர்வை நான் தர்றேன். கோவம் இருந்தா என்னையத் திட்டுங்க. ஆனா வராம மட்டும் இருக்காதீங்க."

ஆறு ஜன்னலையும் சட்டத்தோடு எடுத்துவிட்டோம். எதிர்ச்சுவரில் புதிதாக நான்கு திறப்பு வைத்திருக்கிறோம். தாழ்வாரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீ சொன்ன இரண்டு மாத மாத்திரையும் தொடங்கியாகிவிட்டது. எண்களை இத்துடன் வைத்திருக்கிறேன், போன செப்டம்பரிலிருந்து எல்லாம். நிறுத்திவிட்டேன் என்றேனே தவிர, எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

பூலெங்


ஸ்டெலன்போஷ்
12 நவம்பர் 2009

அன்புள்ள பூலெங்,

உன் தாழ்வாரத்தில் நல்ல வெயில் அடிக்கட்டும்.

இந்தக் குளிர்காலத்து எண்களைப் போட்டுப் பார்த்தேன். மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் காசநோய் இறங்கியிருக்கிறது, பூலெங். முதன்முறையாக ஒரு குளிர்காலம் ஏறாமல் போயிருக்கிறது. ஒரு வருஷத்தை வைத்து அறுதியிட்டுச் சொல்லக் கூடாது என்று ஹென்ட்ரிக் எச்சரிக்கிறார். சொல்லிவிட்டுத் தானே போய் எல்லாருக்கும் காப்பி வாங்கி வந்தார்.

வராமல் நின்றவர்களை நீ குதிரையில் போய்க் கூட்டிவந்ததாக எண்களின் ஓரத்தில் குறித்திருந்தாய். அதை எப்படிச் சமன்பாட்டில் எழுதுவது என்று நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து சண்டை போட்டோம். கடைசியில் அந்த அம்புக்கு நான் உன் பெயரின் முதல் எழுத்தை வைத்துவிட்டேன்.

கட்டுரை எழுதுகிறோம். மருத்துவமனையின் பெயர் எங்கும் வராது. ஆனால் எழுதியவர்கள் வரிசையில் உன் பெயர் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மரியாதைக்காக இல்லை. குளிரையும் வராதவர்களையும் கணக்குக்குள் கொண்டுவந்தது நீதான். சம்மதமா?

மா-பொலோகோ எப்படி இருக்கிறாள்? அவளுக்கு மாசெருவில் போடுகிற ஊசி மருந்து கடுமையானது என்று படித்திருக்கிறேன்.

நான் வரட்டுமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

உன்
லினேயோ


ஹா லெசாவோ
8 செப்டம்பர் 2010

என் லினேயோ,

அமைதியும் மழையும் உனக்கு. என் கடிதம் இவ்வளவு காலம் வராததற்கு வேலைதான் காரணம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. மா-பொலோகோ திரும்பி வரட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தேன். திரும்பி வராமல் போனால் உனக்கு எழுதவே முடியாது என்று தோன்றியது.

வந்துவிட்டாள். போன மாதம். நடந்தே வாசல் ஏறினாள். சளியில் ஒன்றும் இல்லை, நெஞ்சு சுத்தம். எடை கொஞ்சம் தேற வேண்டும். ஆனால் அந்த ஊசி அவள் காதை எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டு காதும். பக்கத்தில் போய்க் கத்தினாலும் உதட்டைத்தான் பார்க்கிறாள்.

அன்று மருந்து நாள். கூடத்தில் பாதிப் பேர், தாழ்வார வெயிலில் பாதிப் பேர், எல்லாரும் இரண்டு போர்வையில் மூட்டை மாதிரி. அவள் நின்று சுற்றிலும் பார்த்தாள். காது கேட்காதவர்கள் பேசுவது போல ஓங்கிய குரலில், "யாரு சிஸ்டர் ஜன்னல எல்லாம் பேத்தது?" என்றாள். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். உன்னைச் சொல்லவில்லை. அங்கே இன்னும் குளிருக்குத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தத் திட்டு எனக்கே இருக்கட்டும்.

அவள், "எதுக்கு?" என்றாள். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். உள்ளே காற்று நின்றிருந்தது, அதில் நோய் நின்றிருந்தது என்று. மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படித்தாள். மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"முன்னாடியே தெறந்திருக்கலாம்ல சிஸ்டர்" என்றாள். கோபமே இல்லை. அடுப்பில் பால் பொங்கிவிட்டால் சொல்வோமே, அப்படி.

பிறகு தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்து, பழக்கம் போலப் பாட ஆரம்பித்தாள். அவள் குரல் அவளுக்கே கேட்பதில்லை. சுருதி ஓரிடத்தில் நிற்கவில்லை, வழி தப்பிய ஆடு போல எங்கெங்கோ ஏறி இறங்கியது. எல்லாரும் தலை குனிந்துகொண்டார்கள். முதலில் ஒரு கிழவி சேர்ந்தாள். சரியான சுருதியில் இல்லை, அவள் போன சுருதியிலேயே. பிறகு இன்னொருத்தி. பிறகு எல்லாரும் அவள் எங்கே போனாளோ அங்கே போனார்கள். நானும் போனேன். அவள் எங்கள் வாய்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினாள்.

எண்களின் ஓரத்தில் 'சம்மதம்' என்று நான் கிறுக்கி அனுப்பியதை வைத்தே கட்டுரையில் என் பெயரைப் போட்டதைப் பார்த்தேன். நீ அனுப்பிய பிரதியை என் வீட்டுக்காரர் ஊர் முழுக்கக் காட்டிவிட்டார், ஒரு எழுத்தும் புரியாமல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், லினேயோ. நீ முதலில் எழுதியது ஜூலையில். நான் திறந்தது மார்ச்சில். இடையில் அவள் ஒவ்வொரு மருந்து நாளும் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றே திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உன்னால் போட்டுப் பார்க்க முடியும். எனக்குத் தெரியும், உன்னால் முடியும். ஒருவேளை ஏற்கெனவே போட்டும் இருப்பாய். அதை என்னிடம் சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே.

பனி போய்விட்டது, பாதை திறந்திருக்கிறது. பீச் மரங்கள் பூத்து நிற்கின்றன. வா. உனக்குப் படுக்கை போட்டுவிட்டேன்.

உன்
பூலெங்